தீர்த்தன் ஆற்றில் ஐந்து நாள், ஒரு டப்பா மின்னோ

இமாச்சலப் பிரதேசத்துத் தீர்த்தன் ஆற்றில், ட்ரவுட் என்கிற குளிர்தண்ணீர் மீனுக்குத் தூண்டில் போட்டுவிட்டு ஊர் திரும்பி ஒரு வாரம் ஆகிறது, வலது தோள் இன்னும் சரியாகவில்லை. தினமும் ராத்திரி நோட்டில் கிறுக்கியதைத்தான் தட்டச்சு செய்து போடுகிறேன். எழுத்துப் பிழையை மட்டும் திருத்தியிருக்கிறேன், புலம்பலைத் திருத்தவில்லை.

ஏப்ரல் 12, 2025, சனி: சுரங்கத்தின் தப்பான முனை

டெல்லியிலிருந்து ராத்திரி பஸ். ஔட் சுரங்கத்துக்கு முன்னாலேயே, பஞ்சார் சாலை பிரிகிற இடத்தில் இறக்கிவிடுங்கள் என்று நடத்துனரிடம் இரண்டு தடவை சொல்லியிருந்தேன். அவர் தலையாட்டிவிட்டுத் தூங்கினார், நாங்களும் தூங்கினோம், முழித்தபோது கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர் சுரங்கத்தைத் தாண்டி மறுபக்கம் நின்றோம். காலை ஐந்து மணி, பல் கிட்டுகிற குளிர். திறந்திருந்த ஒரே டீக்கடையில் எங்களைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் அடுப்புப் பக்கம் பெஞ்சை இழுத்துப் போட்டார் கடைக்காரர். டீ 20 ரூபாய். திரும்பிப் போக ஜீப்புக்கு 300. பேரம் பேச வாய் வரவில்லை, தாடை ஆடிக்கொண்டிருந்தது.

கூட வந்தது மச்சினன். அவனுக்கு மீனும் வேண்டாம், தூண்டிலும் வேண்டாம், பனியைத் தொட்டுப் பார்த்தால் போதும். "மாமா, நீங்க ஆத்துல நில்லுங்க, நான் மலைல நிக்கிறேன்" என்று கிளம்பும்போதே ஒப்பந்தம் போட்டுவிட்டான்.

லார்ஜியில் தீர்த்தனும் சைஞ்சும் பியாஸ் ஆற்றில் வந்து சேர்கின்றன. அங்கே அணைத்தண்ணீர் பச்சையாக, அசையாமல் கிடக்கிறது. அங்கிருந்து மேலே ஏற ஏற ஆறு சின்னதாகிக்கொண்டும் சத்தம் பெரிதாகிக்கொண்டும் வருகிறது. குஷைனியில் இறங்கும்போது ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கவில்லை. ஆப்பிள் மரங்கள் பூத்திருந்தன.

தங்கிய வீடு ஆற்றங்கரையிலேயே. சாப்பாட்டோடு ஒரு ஆளுக்கு நாளைக்கு 1,400. மத்தியானம் சித்து கொடுத்தார்கள்: புளித்த மாவுக்குள் வால்நட் அரைத்து வைத்து ஆவியில் வேகவைத்தது, மேலே நெய்யைக் கரண்டி கரண்டியாக ஊற்றி. நம் கொழுக்கட்டைக்குப் பெரியப்பா பிள்ளை. இரண்டு தின்றால் போதும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, மூன்றாவது இறங்க சாயங்காலம் ஆகிவிட்டது.

பையைப் பிரித்தபோதுதான் தெரிந்தது, தூண்டில் ராடின் நுனி வளையம் உடைந்திருக்கிறது. பிளம்பரிடம் வாங்கிய பிவிசி குழாயில் போட்டு, துணி சுற்றி, விமானத்தில் ஏற்றியதுதான். யார் எப்படித் தூக்கி எறிந்தார்களோ. வீட்டுக்காரர் (ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், நான் பாய்ஜி என்றேன், அவர் சார்ஜி என்றார்) பழைய ராடு ஒன்றிலிருந்து வளையத்தைக் கழற்றி, ஃபெவிக்விக் வைத்து ஒட்டிக் கொடுத்தார். கொஞ்சம் கோணல்தான். ஐந்து நாளும் தாங்கியது.

ஏப்ரல் 13, ஞாயிறு: முப்பத்து நாலில் ஐந்து

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மின்னோ என்பது சின்ன மீன் மாதிரி செய்த லூர், அதாவது பொய் இரை, மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ. மோவாய்க்குக் கீழே நாக்கு மாதிரி ஒரு தகடு நீட்டிக்கொண்டிருக்கும். இழுத்தால் தண்ணீர் அந்தத் தகட்டை மோதும், லூர் கீழே முங்கும், இடவலமாக உடம்பை ஆட்டும். எல்லா வித்தையும் அந்தத் தகட்டில் இருக்கிறது. இதைப் பத்து வருஷமாக வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறேன், வாங்கும்போது மட்டும் நிறத்தைப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறேன் என்பது இன்றைக்குத்தான் உறைத்தது.

எனக்குப் பழக்கம் செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிகளில் விராலும், முட்டுக்காட்டில் எப்போதாவது கொடுவாவும். விராலுக்கு ரப்பர் தவளை போதும், தாமரை இலை மேல் தத்த விட்டால் வெடித்துக்கொண்டு வரும். கொடுவாவுக்கு ஒன்பது, பதினோரு சென்டிமீட்டர் மின்னோ. இந்தப் பயணத்துக்கென்று சின்ன சைஸிலும் வாங்கிச் சேர்த்ததில் டப்பாவில் மொத்தம் 34. ஆரஞ்சு வயிறு, பச்சைப் புலிக்கோடு, ரோஸ் நிறத்தில்கூட ஒன்று.

காலை ஆறரைக்கு இறங்கினேன். முதலில் போட்டது ஏழு சென்டிமீட்டர் மிதக்கும் மின்னோ, எடை வெறும் நாலு கிராம். எறிந்ததில் பாதி தூரம் காற்று தின்றது, விழுந்ததும் ஆறு தூக்கிக்கொண்டு போய்விட்டது. நான் ரீலைச் சுற்றித் தூண்டில் நரம்பு விறைப்பதற்குள் லூர் என் காலடிக்கு வந்துவிட்டது. சரி, ஆழத்துக்குப் போகிற ஒன்றைப் போடுவோம் என்று நீள நாக்கு வைத்த கொடுவா லூரைப் போட்டேன். ஆற்றின் ஆழமே அங்கே தொடை அளவு. மூன்றாவது எறியில் அது நேராகத் தலைகுப்புறப் போய்க் கல்லிடுக்கில் குத்திக்கொண்டது. 850 ரூபாய். எட்டு மணிக்குள் இன்னொன்றும் போச்சு. அதன் விலையை எழுதப் பிடிக்கவில்லை. தண்ணீரில் நின்ற காலைக் கிள்ளிப் பார்த்தேன், யார் காலோ மாதிரி இருந்தது.

பாய்ஜி ஒன்பது மணிக்கு வந்தார், இன்றைக்கான உரிமச் சீட்டோடு. ஒரு நாளைக்கு 100 ரூபாய். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை இங்கே ட்ரவுட்டைத் தொடக்கூடாது, முட்டையிடும் காலம். என் டப்பாவை வாங்கித் திறந்தார். நிறத்தைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார், கட்டை விரலால் அந்த நாக்கை நெருடினார், வைத்தார். நம் ஊர்ச் சந்தையில் முருங்கைக்காயை முறுக்கிப் பார்க்கிற கை. பெரியவை எல்லாம் ஒரு பக்கம். நீள நாக்கு எல்லாம் அதே பக்கம். வயிற்றுக்குள் குண்டு லொடலொடவென்று உருளும் ஒன்றைக் காதருகே ஆட்டிப் பார்த்துச் சிரித்தார்.

மிஞ்சியது ஐந்து. எல்லாம் ஐந்து சென்டிமீட்டருக்கு மிகாதவை, எல்லாவற்றுக்கும் குட்டை நாக்கு. அதில் மூன்று மூழ்குகிறவை, ஒன்று மிதப்பது, ஒன்று நிறுத்தினால் நிறுத்திய ஆழத்திலேயே நிற்பது. "இந்த ஆற்றுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் சார்ஜி?" என்றார். மிச்சத்தை எதற்கு வாங்கினேன் என்று கேட்கவில்லை, அது அவருடைய மரியாதை.

அப்புறம் ஒரு குறடு எடுத்து மூன்று முள் கொக்கிகளை எல்லாம் கழற்றச் சொன்னார். அதற்குப் பதில் ஒற்றை முள், அதிலும் பார்ப் என்கிற எதிர்முள்ளைக் குறட்டால் அழுத்திப் படுக்கவைத்துவிட்டுத்தான் கட்ட விட்டார். பிடித்த மீனைத் திரும்ப விடுகிறவர்களுக்கு அவர் வைத்திருக்கும் விதி. மீனுக்குக் காயம் குறையும், கல்லில் சிக்குவதும் குறையும், என் விரலில் ஏறினாலும் சுலபமாக வரும். மூன்றாவது பலனை மத்தியானமே சோதித்துப் பார்த்துவிட்டேன்.

இன்றைக்கு மீன் இல்லை. ராத்திரி ராஜ்மா, சோறு, லிங்ரி என்கிற பெரணிக் குருத்தில் போட்ட ஊறுகாய். மச்சினன் ஜலோரி கணவாய் போய் ஷூ நிறையப் பனியோடு வந்தான். ஷூவை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்ததில் வீடே நாறியது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்: பச்சடி இல்லாத வருஷப்பிறப்பு

காலையிலேயே அம்மா போன். "மாங்காப் பச்சடி சாப்டியாடா?" இங்கே மாங்காயும் இல்லை வேப்பம்பூவும் இல்லை. பாபிஜி (பாய்ஜியின் மனைவி) புராஞ்ச் பூவில் காய்ச்சிய சாறு ஒரு டம்ளர் கொடுத்தார். மலை முழுக்கச் சிவப்பாகப் பூத்திருக்கிறதே அந்த ரோடோடெண்ட்ரான் பூதான். புளிப்பும் இனிப்பும் இருந்தது, கசப்பு மட்டும் இல்லை. கசப்பு நேற்றே ஆகிவிட்டது.

ஆறரை மணி ஆறு வேறு ஆறு. ராத்திரிக் குளிரில் மேலே பனி உருகுவது நிற்பதால் விடிகாலையில் தண்ணீர் இறங்கி, கண்ணாடி மாதிரி இருக்கிறது. கல்லுக்குக் கல் எண்ணலாம். வெயில் ஏற ஏறப் பனி உருகி, மத்தியானம் தாண்டினால் ஒரு சாண் உயர்ந்து சாம்பல் நிறமாகிவிடுகிறது. நேற்று இது எனக்குத் தெரியவில்லை, ஒரே லூரை நாள் முழுக்க வீசிக்கொண்டிருந்தேன்.

கட்டியது ஐந்து சென்டிமீட்டர், நாலரை கிராம், ஜப்பானிய மின்னோ. கருப்பு முதுகு, வெள்ளி வயிறு, வேகமாக மூழ்குகிற ரகம். மூக்கோடு சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டால் ஆட்டம் செத்துவிடும், அதனால் சின்னச் சுருக்கு விட்டுத் தளர்வாக முடிச்சு. ஆள் தண்ணீரில் இறங்க வேண்டாம், கரையில் குனிந்து நில்லுங்கள் என்றார் பாய்ஜி. மேல்நோக்கி, எதிர்க்கரைக் கல்லுக்குக் கொஞ்சம் மேலே எறிய வேண்டும். ட்ரவுட் ஓட்டத்தைப் பார்த்தே நிற்கும், இரை மேலிருந்துதான் வரும் என்று அதற்குத் தெரியும். மேல்நோக்கி எறிந்தால் ஒரு சங்கடம்: ஆறு லூரை நம் பக்கமே தள்ளுகிறது, ஆற்றை விட வேகமாகச் சுற்றாவிட்டால் அந்த நாக்கில் தண்ணீரே மோதாது, குச்சி மிதந்து வருகிற மாதிரிதான் வரும். நேற்று முழுக்க நான் குச்சிதான் விட்டிருக்கிறேன். சுற்று, மணிக்கட்டால் இரண்டு வெட்டு, ஒரு நொடி விடு. சுற்று, வெட்டு, விடு.

விட்ட நொடியில்தான் வந்தது. பார்க்கவில்லை, கையில்தான் தெரிந்தது. யாரோ கதவைத் தட்டிவிட்டு ஓடுகிற மாதிரி ஒரு தட்டு, அடுத்த நொடி ராடு வளைந்துவிட்டது. பெரிய மீன் ஒன்றும் இல்லை, பதினோரு அங்குலம் இருக்கும். கையை நனைத்துக்கொண்டு பிடிக்கச் சொன்னார், காய்ந்த கை பட்டால் மேலே இருக்கிற வழவழப்பு போய்விடும். பழுப்பு ட்ரவுட். வயிறு நெய் நிறம். பக்கவாட்டில் சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி வெளிறிய வளையம், யாரோ உட்கார்ந்து கோலப்பொடியால் சுற்றிவிட்ட மாதிரி. வால்பக்கத் துடுப்பின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கீற்று. முள் மேல்வாய் ஓரத்தில் பட்டும் படாமலும் இருந்தது, திருப்பியதும் வந்துவிட்டது. தலையை ஓட்டத்தைப் பார்க்க வைத்துப் பிடித்திருந்தேன், இரண்டு மூச்சு, மூன்று மூச்சு, அப்புறம் கையில் மீன் இல்லை.

மத்தியானத்துக்குள் இன்னும் இரண்டு. வருஷம் நன்றாகப் பிறந்தது.

நாகினியில் அரசாங்க ட்ரவுட் பண்ணை இருக்கிறது, சாயங்காலம் அதுவரை நடந்தோம். தொட்டியில் வளர்ப்பது பெரும்பாலும் ரெயின்போ, ஆற்றில் இருப்பது பழுப்பு. இரண்டுமே இந்த மலைக்குச் சொந்தம் இல்லை, வெள்ளைக்காரர்கள் தூண்டில் போடுவதற்காகக் கொண்டுவந்து விட்டவை. காஷ்மீருக்கு 1899இல் கப்பலில் வந்த முதல் முட்டைகள் செத்துப்போயின, 1900இல் வந்தவை பிழைத்தன. அங்கிருந்து 1909இல் குலுப் பக்கம். நம் நீலகிரியிலும் ஏறக்குறைய அதே காலத்தில்தான் அவலாஞ்சிப் பண்ணை வந்தது. இந்த ஆற்றின் சொந்தக் குடி என்று பார்த்தால் பனி ட்ரவுட் என்கிறார்களே அதுதான். பேரில்தான் ட்ரவுட், உண்மையில் கெண்டை வகை. கல்லில் ஒட்டிய பாசியைச் சுரண்டித் தின்பது, மின்னோவைச் சட்டை செய்யாது. லார்ஜிக்குக் கீழே பெரிய தண்ணீரில் மகசீர் என்கிற பெரிய ஆற்று மீனுக்கு எவ்வளவு பெரிய லூர் வேண்டும் என்று கேட்டேன். "முதலில் இதைப் பிடியுங்கள்" என்றார் பாய்ஜி.

ஏப்ரல் 15, செவ்வாய்: ஆலங்கட்டி

காலையில் பாய்ஜி வித்தை ஒன்று காட்டினார். கீழே இருபதடி தள்ளி ஒரு பெரிய பாறை, அதன் மேல் மரக்கிளை தாழ்ந்து தொங்குகிறது, எறிய வழியே இல்லை. மிதக்கும் மின்னோவைக் கட்டித் தண்ணீரில் சும்மா விட்டார். ஆறே அதைப் பாறைக்கடியில் கொண்டுபோய்ச் சேர்த்தது, நரம்பை மட்டும் விட்டுக்கொடுத்துக்கொண்டு இருந்தார். அங்கே போனதும் பிடித்து நிறுத்தினார். ஓட்டம் நாக்கில் மோதி, ரீலைச் சுற்றாமலேயே லூர் முங்கி நீந்த ஆரம்பித்தது. கல்லில் இடித்தால் கொஞ்சம் தளர்த்துவார், அதுவே மேலே எழும்பி விடுபட்டுக்கொள்ளும். முதல் நாள் மிதப்பதைப் பற்றி நான் வைத கெட்ட வார்த்தைகளைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மீன் ஒன்று வந்தது, என் மீன்களை விடப் பெரியது.

மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் தண்ணீர் சாம்பலாகிவிட்டது. இப்போதுதான் நிறத்தின் பேச்சே வருகிறது: வெள்ளி தெரியாது, தங்க நிறம் போடு என்றார். ஐந்தில் தங்க நிறம் ஒன்றுதான், ஐந்து 350 ரூபாய் என்று ஆன்லைனில் வாங்கிய கூட்டத்தில் ஒன்று. போட்டால் மல்லாந்து சுழன்றுகொண்டு வருகிறது. வெளியே எடுத்து மூக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன், நாக்கை ஒட்டியவன் அவசரத்தில் ஒட்டியிருக்கிறான், ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. இதற்கு வைத்தியம் எனக்குத் தெரியும். லூர் இடது பக்கம் ஓடினால் மூக்குக் கம்பி வளையத்தைக் குறட்டால் மயிரிழை வலது பக்கம் வளைக்க வேண்டும். வளைத்தேன், எறிந்தேன், வளைத்தேன், எறிந்தேன். ஏழாவது தடவை நேராக வந்தது. எட்டாவது தடவை ஆலங்கட்டி மழை.

பாறை இடுக்கில் அரை மணி நேரம் ஒண்டினோம். சுண்டைக்காய் அளவு கட்டிகள், தொப்பியில் விழும்போது தாயம் உருட்டுகிற சத்தம். இந்த மர மீனை முதலில் யார் செய்தார்கள் என்று அவர் கேட்டார். பின்லாந்தில் லவுரி ரப்பாலா என்று ஒரு மீனவர், 1936இல். மீன் கூட்டத்தில் அடிபட்ட ஒன்று மட்டும் கோணலாக நீந்துவதையும், பெரிய மீன் அதையே குறிவைப்பதையும் பார்த்து, தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றுகிற தாளை மேலே ஒட்டி, புகைப்பட நெகட்டிவை உருக்கிப் பூசினாராம். பாய்ஜி கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ அவர் கடையில் எதுவும் வாங்கவில்லை" என்றார். என் டப்பாவைப் பார்த்துச் சொன்னாரா ஆலங்கட்டியைப் பார்த்துச் சொன்னாரா தெரியவில்லை.

மழை விட்டதும் கிளம்பியிருக்க வேண்டும். ஒரே ஒரு எறி என்று அந்த ஜப்பானியக்காரனைத் திரும்பக் கட்டினேன். 1,350 ரூபாய்க்கு வாங்கியது, மூன்று மீன் கொடுத்தது. அதன் பின்னால் ஒரு நிழல் வந்தது, முழங்கை நீளம், நிஜமாகவே. லூரை நிறுத்தினேன், நிழலும் நின்றது. நான் பதற்றத்தில் ஒரு நொடி கூடுதலாக விட்டுவிட்டேன். மூழ்குகிற லூர் என்ன செய்யும், மூழ்கியது. நடு ஆற்றுப் பாறையின் பின்புறம் மாட்டிக்கொண்டது. இப்படி இழுத்தேன், அப்படி இழுத்தேன், ரெண்டடி மேலே நடந்துபோய் இழுத்தேன். டப். நரம்பு மட்டும் வந்தது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, இறங்கினால் இழுத்துக்கொண்டு போகும் என்று பாய்ஜி சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

ராத்திரி கரண்ட் இல்லை. கடுகெண்ணெயில் பொரித்த பண்ணை ட்ரவுட், மஞ்சளும் உப்பும் மட்டும். நன்றாகத்தான் இருந்திருக்கும், எனக்கு ருசி தெரியவில்லை. "ஒரு பொம்மை மீனுக்கு இவ்வளவா மாமா?" என்றான் மச்சினன். பதில் சொல்லவில்லை.

ஏப்ரல் 16, புதன்: கல் மேல்

பத்து மணிக்கு ஜீப். ஆறு மணிக்குப் பை கட்டிக்கொண்டிருந்தபோது பாய்ஜியின் பேத்தி, எட்டு வயது, வாசலில் வந்து நின்றாள். "அங்கிள், உங்க மீன் கல்லு மேல உக்காந்திருக்கு."

ராத்திரி முழுக்க ஆறு இறங்கியிருக்கிறது. நேற்றுத் தண்ணீருக்கடியில் இருந்த பாறையின் முதுகு காய்ந்து வெளியே தெரிந்தது, அதன் பிளவில் ஒற்றை முள் மாட்டி, லூர் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பழுப்பாக ஒரு சின்னக் குருவி முழங்காலை மடக்கி மடக்கி எழுந்துகொண்டிருந்தது, நாங்கள் போனதும் தண்ணீருக்குள்ளேயே முங்கிப் போய்விட்டது. பாய்ஜி கல்லுக்குக் கல் தாவி எடுத்துக் கொடுத்தார். நாக்கின் ஓரம் தேய்ந்திருந்தது, ஒரு பக்க வெள்ளி உரிந்து வெள்ளைப் பிளாஸ்டிக் தெரிந்தது. நடை அப்படியேதான் இருக்கிறது, ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டேன்.

கண்டுபிடித்துக் கொடுத்ததற்கு என்ன வேண்டும் என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். டப்பாவைத் திறக்கச் சொன்னாள். பாய்ஜி முதல் நாள் ஒதுக்கிய பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகு நேரம் யோசித்து, பச்சைப் புலிக்கோடு ஒன்று, ஆரஞ்சு வயிறு ஒன்று, அந்த ரோஸ். முள்ளை எல்லாம் கழற்றி, வளையத்தில் நூல் கோத்து, அவள் பள்ளிக்கூடப் பையில் கட்டிவிட்டேன். லொடலொடவென்று சத்தம் போடுகிறதே அதையும் கேட்டாள். கொடுத்துவிட்டேன். ஜீப் வருகிற வரை முற்றத்தில் குதித்துக்கொண்டே இருந்தாள், அது உருளுகிற சத்தத்துக்காக.